பத்து ஷில்லிங் ஒன்பது பென்னி

ஸ்காட்லாந்துப் பாட்டு என்றாலே கட்டம் போட்ட கில்ட் பாவாடை, பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம், மலைமேல் மூடுபனி என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் உண்டு. நான் திரும்பத் திரும்பக் கேட்கும் ஸ்காட்லாந்துப் பாட்டுகள் எல்லாம் உடம்பு நோக உழைத்தவர்களின் பாட்டுகள்.

‘ட்ரம்டெல்கி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அபர்டீன்ஷயரில் ஹன்ட்லிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பண்ணையின் பெயர் அது. பாட்டுக்கும் அதே பெயர். காலை 5 மணிக்கு எழுந்து, அவசரமாகப் படியிறங்கி, குதிரைக்குத் தீனி வைத்து, அதன் மயிரைச் சீவிவிட வேண்டும். அரைமணி நேரம் லாயத்தில் போய்விடும். அப்புறம்தான் சாப்பாடு. அதுவும் ப்ரோஸ், அதாவது ஓட்ஸ் மாவில் கொதிநீர் ஊற்றி உப்புப் போட்டுக் கிளறியது. அதை விழுங்கி பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் மேஸ்திரி குரல் கொடுத்துவிடுவான். 6 மணிக்குக் கதிரடிக்கும் எந்திரம் ஓடும். நாலு பேர் அதோடு மல்லுக்கட்டியதில் சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஒழுகுமாம்.

இதைப் பாடியவர்கள் கல்யாணமாகாத பண்ணையாட்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே மாதமும் நவம்பரும், ஊர்ச் சந்தையில் போய் நிற்பார்கள். விவசாயி வந்து பேரம் பேசி, ஒரு ஷில்லிங் முன்பணம் கையில் வைத்தால் ஒப்பந்தம் முடிந்தது. கூலி தவணை முடிவில்தான் வரும்; நடுவில் கிளம்பினால் கூலியும் போச்சு. அவர்கள் தங்கிய கொட்டகைக்கு ‘பாத்தி’ என்று பெயர், பாட்டுகளுக்கு ‘பாத்தி பேலட்’. எந்தப் பண்ணையில் சோறு மோசம், எங்கே குதிரை நோஞ்சான், எந்த முதலாளி சொன்ன சொல் தவறுவான் என்று பண்ணையின் பெயரையே போட்டுப் பாடினார்கள். அடுத்த சந்தையில் நிற்கப்போகிறவனுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை எங்கே கிடைக்கும்? அதனால்தான் இந்தப் பாட்டுகளை வெறும் கும்மாளப் பாட்டாக, வரிகளை விழுங்கி வேகவேகமாகப் பாடும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெயர்கள் காதில் விழ வேண்டாமா?

இவற்றைச் சேர்த்து வைத்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: கேவின் க்ரெய்க் என்ற பள்ளி ஆசிரியர், ஜேம்ஸ் டங்கன் என்ற பாதிரியார். வடகிழக்கு ஸ்காட்லாந்தில் மட்டும் 3,000-க்கு மேற்பட்ட பாடல் வடிவங்களைச் சேகரித்தார்கள். க்ரெய்க் 1914-இலும் டங்கன் 1917-இலும் இறந்துபோனார்கள். முழுத் தொகுப்பின் முதல் தொகுதி 1981-இல்தான் வந்தது, எட்டாவதும் கடைசியுமான தொகுதி 2002-இல். இத்தனை காலம் அது கையெழுத்துத் தாள்களாகக் கிடந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை.

பெண்களின் பாட்டுகள் தனிச் செல்வம். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் அந்தக் காலத்தில், புதிதாக நெய்த கம்பளித் துணியைப் புளித்த சிறுநீரில் நனைத்து, பலகையைச் சுற்றி உட்கார்ந்து அடித்து இறுக்குவார்கள். ஒருத்தி வரி எடுக்க, மற்றவர்கள் பல்லவியைப் பிடிப்பார்கள். கைகள் ஒன்றாக விழ வேண்டும் என்பதற்கே அந்தத் தாளம்.

டண்டீ நகரத்துச் சணல் ஆலைகளில் நிலைமை வேறு. வங்காளத்திலிருந்து வந்த சணல் அங்கே நூலாகும். எந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது; உதட்டையும் கைஜாடையையும் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். சிறுமியாகவே அங்கே வேலைக்குப் போனவர் மேரி ப்ரூக்ஸ்பேங்க். பின்னாளில் கம்யூனிஸ்டாகிச் சிறைக்கும் போனவர். ஆலையில் வழங்கிவந்த ஒரு துண்டுப் பாட்டை வளர்த்துத்தான் தன் சணல் ஆலைப் பாட்டைக் கட்டினார்.

உலகப் பங்கீடே கோணல், அதிகம் உழைப்பவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்ற அதன் வரிகளை எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் வெளிச்சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். சரி, நல்ல தேர்வுதான். என்னைக் கேட்டிருந்தால் அதே பாட்டில் கூலி வரும் இடத்தைச் சொல்லியிருப்பேன். பாபின், அதாவது நூல் சுற்றும் உருளை, மாற்றும் சின்னப் பெண்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. 10 ஷில்லிங் 9 பென்னிக்கு நன்றாகவே வேலை வாங்கிவிடுகிறார்கள். அரை பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதற்குள்தான் பிள்ளைக்குச் சாப்பாடு, அதற்குள்தான் துணி.