நரி முகத்தில் விழிக்க ஒரு பூங்கா

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் சேலத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போயிருந்தேன். கடமான் பக்கம் வந்ததும் "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாள். எனக்கும் எதுவும் தெரியவில்லை. புதர், சருகு, பின்னால் சேர்வராயன் மலை. நகரலாம் என்று திரும்பியபோது சருகு நிறத்திலேயே ஒரு காது அசைந்தது. அப்புறம் இன்னொரு காது. கொஞ்சம் கொஞ்சமாக முகம், கழுத்து, மடக்கி வைத்த முன்னங்கால் என்று ஒரு முழு மான் தெரிய ஆரம்பித்தது. அவ்வளவு நேரமும் எங்களுக்கு எதிரிலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. "நான்தான் மொதல்ல பார்த்தேன்" என்று வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டப்பகலில் கூட்டமாக நின்ற புள்ளிமான்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பூங்கா எப்படியெல்லாம் இருக்கலாம் என்று மனதுக்குள் வரைந்துகொண்டே இருக்கிறேன். அதை எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981இல் தொடங்கிய பூங்கா இது. எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தார். வாரம் முழுக்க ஊதுகுழலும் நெருப்புமாகக் குனிந்தே உட்கார்ந்திருப்பவர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை பஸ் ஏற்றிவிடுவார். தூக்கில் புளிசாதம், காகிதத்தில் மடித்த தட்டுவடை. கோரிமேடு தாண்டியதும் ஜன்னலைத் திறக்கச் சொல்வார், "காத்து மாறுது பாரு" என்பார். உள்ளே போனதும் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. "சத்தம் போடாம நில்லு. அதுவா வரும்." சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் ஆசை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விலங்குக்கும் நம் கண்ணில் படாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். வெளியே வருவதும் வராததும் அதன் விருப்பமாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி திறந்தவெளி அடைப்புகளை அமைத்தால், விலங்கும் நிம்மதியாக இருக்கும், பார்க்கிற பிள்ளைக்கும் பார்த்தது மறக்காது.

ஹைனி ஹெடிகர் என்று சுவிட்சர்லாந்தில் ஒரு விலங்கியலாளர் இருந்தார். பெர்ன், பாசல், ஜூரிச் என்று மூன்று ஊர்ப் பூங்காக்களை நிர்வகித்தவர். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தூரக் கணக்கு உண்டு என்று விளக்கியவர் அவர். மனிதன் அந்தத் தூரத்துக்குள் வந்துவிட்டால் அது விலகி ஓடும். அடைப்பு அந்தத் தூரத்தைவிடச் சிறியதாக இருந்தால் ஓடுவதற்கு இடமே கிடையாது. காலை முதல் மாலை வரை உடம்பு விறைத்தபடியே நிற்கும். நம் கண்ணுக்கு அது சும்மா நிற்பது போலத்தான் தெரியும். ஒரு புதர், ஒரு பாறை மறைவு, ஒரு மண்மேடு குறுக்கே வந்தாலே அந்தத் தூரம் விலங்குக்குக் குறைந்துவிடும். இடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்குவதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு.

நமக்கு இருக்கும் பெரிய வசதி மலை. பூங்கா சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வேறு ஊரில் கோடிக்கணக்கில் கொட்டிச் செயற்கைப் பாறை கட்டுகிறார்கள். நமக்குப் பின்னணி தானாகவே நிற்கிறது. 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் கம்பிக்குப் பதிலாக அகழி வைத்து, செயற்கைப் பாறைகளை அடுக்கி ஒரு பூங்கா திறந்தார். உலகம் முழுக்க அதைத்தான் பார்த்துச் செய்தார்கள். அவர் கட்டிய மலையெல்லாம் சிமெண்ட். நம்முடையது சொந்த மலை.

அதனால் முதலில் சரிவைப் பயன்படுத்தலாம். விலங்கு மேட்டில், நாம் பள்ளத்தில். மனிதன் மேலே நின்று குழிக்குள் எட்டிப் பார்க்கிற அமைப்பு எந்த விலங்குக்கும் நல்லதில்லை. வேறு ஓர் ஊர்ப் பூங்காவில் அப்படி ஒரு முதலைக் குழியைப் பார்த்தேன். முதலை அசையவில்லை என்று ஒரு ஆள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அதன் மேல் போட்டார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு விலங்கு நின்றால் கை தானாக அடங்கும். சேர்வராயன் கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் நாம், மேலே இருப்பதற்கு மரியாதை கொடுக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடமானுக்கு என் பட்டியல் சின்னது. சேறு, நிழல், தழை. கடமானுக்குச் சேற்றில் புரள்வது பிடிக்கும், சூட்டையும் பூச்சியையும் சேறுதான் தாங்கும். சரிவில் மழைத் தண்ணீர் வந்து நிற்கிற மாதிரி ஒரு குட்டை தோண்டிவிட்டால், வேனலில் மட்டும் குழாய்த் தண்ணீர் விட்டால் போதும். அது குனிந்து புல் மேய்வதோடு நிற்காமல் கிளையிலிருந்து தழையை இழுத்துத் தின்கிற விலங்கு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் கல்யாண முருங்கையை வருஷா வருஷம் கவாத்து செய்கிறார்கள். அந்தக் கிளைகள் ஒரு லாரி கீழே இறங்கினால், தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம். மான் கழுத்தை நீட்டி, இழுத்து, ஒடித்துத் தின்னும். அதைப் பார்ப்பது தொட்டியில் போட்ட தீவனத்தைத் தின்பதைப் பார்ப்பது போல இருக்காது. கொம்பு முற்றும் காலத்தில் தோல் உரிவதற்கு மரத்தில் தேய்க்கும், நட்ட கன்றெல்லாம் போய்விடும். அதற்கு விழுந்த அடிமரங்கள் நாலைந்தை உள்ளே கிடத்திவிட்டு, நிற்கிற மரத்துக்குக் கல் அடுக்கிக் காவல் போட வேண்டும்.

முதலைக்கு ஒகேனக்கல்லைப் பாருங்கள் என்று சொல்வேன். நம் ஊர்க்காரர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் மீன் சாப்பிடவும் போகிற அதே காவிரியில்தான் சதுப்பு நில முதலை இயற்கையாக வாழ்கிறது. அது எப்படி இருக்கும்? பாறை ஒரு பக்கம், மணல் திட்டு ஒரு பக்கம், நடுவே ஆழத் தண்ணீர், கரையில் வேர் தொங்கும் மரம். பெண் முதலை கரை மணலில் குழி பறித்து முட்டையிடும். அந்த மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். கோடையின் சூடு தாங்காவிட்டால் கரையிலேயே வளை தோண்டி உள்ளே போய்விடும். இத்தனை வேலை தெரிந்த ஒரு உயிருக்குச் சிமெண்ட் தரையை மட்டும் கொடுத்தால் படுத்துக் கிடப்பதைத் தவிர என்ன செய்யும்? மண் கரை, தடிமனான மணல், பாதி வெயில் பாதி நிழல். பக்கத்தில் ஒரு பலகை: முதலை வாயைத் திறந்து வைத்திருப்பது உடல் சூட்டைத் தணிக்க, உங்களை மிரட்ட இல்லை.

நீர்ப்பறவைகளுக்கு நாம் எங்கேயும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஊர் மக்கள் சேர்ந்து தூர் வாரியபோது, அள்ளிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்றைக்குப் பறவைகள் அந்தத் திட்டுகளில் வந்து உட்காருகின்றன. அதையே சின்ன அளவில் பூங்காவில் செய்யலாம். கூழைக்கடா கனமான பறவை, தண்ணீர் மேல் தத்தித் தத்தி ஓடித்தான் மேலே எழும்பும். அதற்கு நீளமான நீர்ப்பரப்பு வேண்டும். வட்டத் தொட்டி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் உதவாது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டுகின்றன. மனிதர்களைக் கண்டு அவை பயப்படவில்லை, ஊரும் அவற்றைத் தொந்தரவு செய்யவில்லை. நடுத் திட்டில் நாலு கருவேல மரம் இருந்தால் இங்கேயும் கூடு கட்டலாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். வங்காநரி.

என் அம்மா பிறந்தது வாழப்பாடிப் பக்கம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொங்கல் சமயத்தில் வங்காநரியை வலை போட்டுப் பிடித்து, மாலை போட்டு, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோய், காலில் கயிறு கட்டி ஓடவிட்டுத் திரும்பக் காட்டில் விடுவது பழைய வழக்கம். நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. வனத்துறை தடுக்கிறது, அபராதம் போடுகிறது, ஏனென்றால் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. தடுப்பது சரி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிராணி, மேளச் சத்தத்துக்கு நடுவே வாய் கட்டப்பட்டுக் கிடப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் என் ஆயா அந்த நரியைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். "அது சாமி கண்ணு, நம்ம காட்டு எலியெல்லாம் அதுதான் தின்னுது" என்பார். நிலக்கடலை போட்டவர்களுக்கு எலி என்றால் என்னவென்று தெரியும். கரையான், வண்டு, எலி, இலந்தைப் பழம் என்று தின்று வயலோரத்தில் வாழ்கிற அந்த நரி நமக்கு எவ்வளவு உபகாரம் என்பதை ஆயா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த நம்பிக்கைக்குள் நன்றி இருக்கிறது. வலைதான் கூடாது.

குரும்பப்பட்டியில் வங்காநரிக்கென்று ஓர் அடைப்பு வேண்டும் என்பது என் கனவு. காட்டில் திரும்ப விட முடியாதபடி அடிபட்டு மீட்கப்பட்ட நரிகளுக்கானதாக இருக்கட்டும். கூண்டு வேண்டாம், வாழப்பாடிக் கொல்லைமேடு போலவே ஒரு துண்டு நிலம். வெட்டவெளிப் புல், இலந்தைப் புதர், ஒரு கரையான் புற்று, தோண்டுவதற்கு லேசான மண்மேடு. வங்காநரி ஒரே வளைக்குப் பல வாசல் வைக்கும். அதைத் தோண்டவிட வேண்டும். வேலிக்கு அடியில் ஆழமாகக் கம்பி வலை புதைத்தால் வெளியே போகாது. அது பெரும்பாலும் அந்தி மயங்கியும் விடியும் முன்பும்தான் நடமாடும். பகல் பத்து மணிக்குப் போய் "எங்கே நரி" என்று கேட்டால் வளைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

பொங்கல் நாட்களில் மட்டும் பூங்காவை விடியற்காலையில் திறக்கலாம். பத்துப் பத்துப் பேராக, செருப்புச் சத்தம்கூட இல்லாமல், மூங்கில் தட்டிக்குப் பின்னால் வந்து நிற்கட்டும். மேளம் வாசலோடு நிற்கட்டும். தட்டியில் கண் வைக்கும் அளவுக்கு ஓர் ஓட்டை, பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளின் உயரத்தில் ஒன்று. நரி வந்தால் வரும். வராவிட்டால் அந்த வருஷம் உங்களுக்கு இல்லை. வலையில் பிடித்து எல்லோருக்கும் காட்டிய முகத்தில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? தானாக வளையிலிருந்து தலையை நீட்டி ஒரு நொடி நம்மைப் பார்த்தால் அதுதான் நரி முகத்தில் விழிப்பது. வாழப்பாடிப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினால் இதை ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அவர்களையே அந்த இடத்தின் பாதுகாவலர்களாகக் கேட்கலாம்.

புலி வருமா, சிங்கம் வருமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வரட்டும், ஆனால் பிறகு. அதைப் பார்க்க வண்டலூர் இருக்கிறது, 602 ஹெக்டேர். வங்காநரியை மனதாரப் பார்க்க வேறு எந்த ஊர் இருக்கிறது?

நமக்கும் சில வசதிகள் வேண்டும். சித்திரை வெயிலில் வயதானவர்கள் உட்கார நிழலும் திண்ணையும். சக்கர நாற்காலி ஏறும்படி சாய்வுப் பாதை. பெயர்ப் பலகையில் விஞ்ஞானப் பெயரோடு நம் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். மறைந்து நின்று பார்க்கும் குடில்களைச் சேர்வராயன் மலைக் கிராமங்களின் கூரை வீடுகள் போலக் கட்டலாம், மலையாளிப் பழங்குடி மக்களிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். எந்த மரத்தில் எந்தப் பறவை எப்போது வரும் என்று அவர்கள் சொல்லக் கேட்டபடி நடந்தால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

இதில் முதலில் தொடங்க வேண்டியது மரம். கட்டடம் ஒரு வருஷத்தில் வரும், நிழல் பத்து வருஷம் கேட்கும். கன்று வைத்துக் காத்திருக்காமல் சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் போத்து நடலாம். ஆல், இச்சி, பூவரசு மூன்றும் கைத்தடிமனுக்கு மேலான கிளையை வெட்டி நட்டாலே பிடிக்கும். ஆளுயரத்தைவிட நன்றாக உயரமான போத்தாக நட்டால் மானுக்கு எட்டாத உயரத்திலும் துளிர் விடும். இச்சிப் பழத்துக்குப் பறவைகள் வரும், உதிர்ந்ததை மான் பொறுக்கும்.

அம்மாவின் ஊரில் எங்கள் கிணற்றோரம் ஒரு பெரிய இச்சி மரம் நிற்கிறது. ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அது பெரிய மரமாம். அதிலிருந்து இருபது போத்துகள் நான் தருகிறேன். ஆவணி, புரட்டாசி மழைக்கு வெட்டினால் நன்றாகப் பிடிக்கும் என்று மாமா சொல்கிறார். டெம்போ வாடகையும் என்னுடையது. பூங்கா அலுவலகத்தில் அனுமதி கேட்டு இந்த வாரம் மனு கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், கடப்பாரை இருந்தால் எடுத்து வாருங்கள்.