மாமனாரின் முந்நூறு கிராம்

(பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையோரம். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. தண்ணீருக்கு நடுவே பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன. கரையில் மாமனாரும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். மாமனார் கையில் கேனான் எஸ்எக்ஸ்740, முந்நூறு கிராம் எடையுள்ள சின்னக் கேமரா. 2018-இல் அது சந்தைக்கு வந்த கொஞ்ச நாளில், பணி ஓய்வுப் பணத்தில் தனக்கென்று அவர் வாங்கிக்கொண்ட ஒரே பொருள். மாப்பிள்ளையின் தோளில் ஒரு பை. வெளியூருக்குக் குடிபோகிறவர்கள்கூட இதைவிடச் சிறிய பையோடு போவார்கள்.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, வந்ததிலிருந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்? நான் முப்பது படம் எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை: காரில் ஏசி போட்டிருந்தோம் அல்லவா மாமா, கண்ணாடி குளிர்ந்துவிட்டது. வெளியே இந்த ஈரக்காற்று பட்டதும் வியர்க்கிறது. கால் மணி நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடும்.

மாமனார்: என்னுடையது வியர்க்கவில்லையே?

மாப்பிள்ளை: அது உங்கள் பேன்ட் பைக்குள் உடம்புச் சூட்டில் வந்தது.

மாமனார்: நீங்களும் அப்படி ஒரு பையில்... (லென்ஸை மேலும் கீழும் பார்க்கிறார்) வேண்டாம், விடுங்கள். எவ்வளவு எடை இருக்கும்?

மாப்பிள்ளை: கேமரா 658 கிராம். சோனி ஏ7 வரிசையில் நான்காவது. இந்த 200-600 லென்ஸ் 2 கிலோ 115 கிராம்.

மாமனார்: (மனக்கணக்குப் போட்டு) கிட்டத்தட்ட 2 கிலோ 800. உங்கள் மகன் பிறந்தபோது சரியாக அந்த எடைதான். அவனைப் பத்து நிமிடம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் கை வலிக்கிறது என்று என் மகளிடம் நீட்டிவிடுவீர்கள்.

மாப்பிள்ளை: அவன் அழுவான் மாமா.

மாமனார்: இதை வாங்கிய பணத்துக்கு இதுவும் அழ வேண்டியதுதான். சரி, இதை என்னவோ சொல்வீர்களே, மிரர்லெஸ். அப்படியென்றால்?

மாப்பிள்ளை: மிரர் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி, அது உள்ளே கிடையாது. பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று காட்சியை மேலே கண்ணுக்கு அனுப்பும். ஒவ்வொரு படத்துக்கும் அது எழுந்து வழிவிட வேண்டும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள்.

மாமனார்: என் கேமராவிலும் கண்ணாடி கிடையாதே. நானும் இத்தனை வருடம் மிரர்லெஸ்தான் வைத்திருக்கிறேனா? இது தெரியாமல் கல்யாண வீடுகளில் அடக்கமாக இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளை: அப்படிச் சொல்ல முடியாது...

மாமனார்: ஏன் முடியாது? இல்லாத பொருளுக்கு என்னிடம் காசு வாங்கவில்லை, உங்களிடம் வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அது போகட்டும், தூரத்தில் இருப்பதை எவ்வளவு கிட்டே இழுக்கும் என்று லென்ஸில் எண் போட்டிருக்குமே, உங்களுடையதில் கடைசி எண் என்ன?

மாப்பிள்ளை: 600.

மாமனார்: என்னுடையதில் 960. (பூநாரையைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிறார், அது ஆமோதித்துவிட்டதுபோல.)

மாப்பிள்ளை: அது பார்வைக் கணக்கு மாமா. உங்கள் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 172 மில்லிமீட்டர்தான். உள்ளே படம் விழும் சில்லு, அதாவது சென்சார், மிகவும் சிறியது, காட்சியின் நடுத்துண்டை மட்டும் பிடிக்கிறது. அதனால் 960 போலத் தெரிகிறது. என் படத்தை அதே அளவுக்கு வெட்டினாலும் ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் படப்புள்ளி மிஞ்சும்.

மாமனார்: எதற்கெடுத்தாலும் லட்சமா? (சற்று நேரம் அவரையே பார்க்கிறார்) சரி, சொல்லுங்கள். சென்சார் எவ்வளவு சிறியது?

மாப்பிள்ளை: என்னுடையது 36-க்கு 24 மில்லிமீட்டர். உங்களுடையது ஆறுக்கு நாலரை, கொஞ்சம் கூட. பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. மனைக் கணக்கில் சொன்னால், என்னுடையது ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. உங்களுடையது 80 சதுர அடி.

மாமனார்: 80 சதுர அடி. எங்கள் வீட்டுச் சமையலறை அந்த அளவுதான். அதில்தான் உங்கள் அத்தை முப்பத்தைந்து வருடமாகச் சமைக்கிறாள். ருசி குறைவு என்கிறீர்களா?

மாப்பிள்ளை: ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை.

மாமனார்: சொன்னால் சொல்லுங்கள், நான் வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை: நான் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறேன் மாமா! முழு ஜூமில் உங்கள் லென்ஸ் வெளிச்சத்தை உள்ளே விடும் வாசல் 25 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. என்னுடையது 95, காபி டபராவின் வாய் அளவு. பதினான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

மாமனார்: டபராவில் காபி ஆற்றலாம். டபராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்களா?

(வெயில் ஏறுகிறது. மாமனாரின் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது, பின்பக்கத் திரைதான். அது வெயிலில் தெரியவில்லை என்பதால் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு கேமராவையும் மூடிக்கொள்கிறார். அந்தக்கால ஸ்டூடியோக்காரர் ஒருவர் சதுப்பு நிலத்துக்கு வழிதவறி வந்ததுபோல் இருக்கிறது. அப்போது ஒரு கூழைக்கடா இறக்கையை விரித்துத் தாழ்வாக வருகிறது.)

மாப்பிள்ளை: மாமா, இடப்பக்கம்! கூழைக்கடா!

(மாப்பிள்ளையின் கேமரா நொடிக்குப் பத்து வீதம் படபடவென்று சுட்டுத் தள்ளுகிறது. துண்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய முனகல்: மாமனாரின் லென்ஸ் குவியம் தேடி வெளியே வருகிறது, உள்ளே போகிறது, மறுபடி வெளியே வருகிறது. கூழைக்கடா தண்ணீரில் இறங்கி அலகைச் சிலுப்பிக்கொள்கிறது.)

மாப்பிள்ளை: விழுந்ததா மாமா?

மாமனார்: (படங்களைப் புரட்டி) வானம். வானம். மின்கம்பம். வானம். (நிறுத்தி) மின்கம்பம் மிக நன்றாக விழுந்திருக்கிறது.

மாப்பிள்ளை: (அடக்க முடியாத சந்தோஷத்தோடு) இதைப் பாருங்கள், ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது!

மாமனார்: அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். பறக்கிற பறவைக்கு உங்களுடையதுதான். (துண்டை மடித்துத் தோளில் போட்டபடி) ஆமாம், இந்த லென்ஸ் என்ன விலை என்று சொன்னீர்கள்?

மாப்பிள்ளை: (தண்ணீரைப் பார்த்துக்கொண்டு) பதினேழாயிரம்.

மாமனார்: என் மகளிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: நண்பன் பயன்படுத்தியது. சும்மா கிடந்தது என்று கொடுத்தான்.

மாமனார்: நல்ல நண்பன். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வரிசையில் உங்கள் வீட்டு முருங்கை பூத்திருக்கிறதல்லவா, அதில் ஓர் ஊதாத் தேன்சிட்டு. ஆண் சிட்டு. நிழலில் இருக்கும்போது கறுப்பு, வெயில் பட்டால் மயில் கழுத்து. முழு ஜூமில் பிடித்தேன். அது ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவியது, நானும் கூடவே போனேன். அங்கிருந்து உங்கள் பால்கனிக் கம்பிக்குத் தாவியது. கம்பிக்குப் பின்னால் நீங்கள் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மாப்பிள்ளை: மாமா...

மாமனார்: கையில் பில். படத்தில் சிட்டின் வால் கொஞ்சம் ஆடிவிட்டது. பில் ஆடவில்லை. (திரையை நீட்டுகிறார்) பதினேழாயிரம் என்று எழுதினால் ஒரு கமா வரும். இதில் எத்தனை கமா இருக்கிறது, நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: (மெல்லிய குரலில்) இரண்டு. (குனிந்து உற்றுப் பார்த்து) முழு ஜூமில் எழுத்துக்கூட இவ்வளவு தெளிவாகவா விழுகிறது?

மாமனார்: நல்ல வெயில் மாப்பிள்ளை. வெயில் இருந்தால் 80 சதுர அடி போதும்.

(மௌனம். பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்புகிறது. இருவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அன்று காலை அவர்கள் முழுமனதோடு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.)

மாப்பிள்ளை: (பொத்திய மூக்கோடு) வெயில் இல்லாத இடத்தில் எடுத்த படம் ஒன்றைக் காட்டட்டுமா?

மாமனார்: என்ன படம்?

மாப்பிள்ளை: டிசம்பர் கடைசி வாரம், மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீன், இரவு ஏழே முக்கால். சமையல் கான்டிராக்டரிடம் வேலை பார்க்கும் நண்பன், பந்தி இலையை ஒரு படம் எடுத்துக் கொடு என்றான். ஒற்றை டியூப்லைட். வெளிச்சத்தை உணரும் அளவை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400-க்கு ஏற்றினேன். இலையைத்தான் குறிவைத்தேன். ஆனால் இந்தக் கேமராவுக்கு ஒரு குணம், காட்சியில் மனிதக் கண் எங்கேயாவது தெரிந்தால் தேடிப்போய் அதைத்தான் பிடிக்கும்.

மாமனார்: (சற்றே தயங்கி) பிடித்தால்?

மாப்பிள்ளை: இலை மங்கிவிட்டது. மூலை மேசையில் ஒரு கண் ஊசிமுனை போல விழுந்திருக்கிறது. உள்ளே மண்டபத்தில் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. மிருதங்கக்காரருக்கு ஒரு மரியாதை வேண்டாமா மாமா?

மாமனார்: அந்த இருட்டில் அது யார் என்று எப்படிச் சொல்ல முடியும்? நானும் அன்று மண்டபத்துத் தூணை ஒரு படம் எடுத்தேன். ரவை உப்புமா மாதிரி வந்தது.

மாப்பிள்ளை: உங்கள் கேமராவில் உப்புமா. என்னுடையதில் பாருங்கள், அசோகா அல்வா. பெரிதாக்குகிறேன். நெற்றியில் விபூதி. மீசையில் நெய். இலையில் ஒரு துண்டு, கரண்டியில் இன்னொரு துண்டு. தீபாவளியோடு இனிப்பை விட்டுவிட்டேன் என்று உங்கள் மகள் தலையில் கை வைக்காத குறையாகச் சொன்னீர்களே?

மாமனார்: (நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு) நிறம் அப்படியே விழுந்திருக்கிறது. அந்த நெய் மினுக்கு... இத்தனை நாள் இதை வெளியே எடுக்காமல் வைத்திருந்தீர்களா?

மாப்பிள்ளை: நீங்கள் தேன்சிட்டை வைத்திருந்ததுபோல்தான்.

மாமனார்: சரி, பெரிய மனிதர்களாகப் பேசுவோம். நீங்கள் அதை அழியுங்கள், நான் இதை அழிக்கிறேன்.

மாப்பிள்ளை: ஒரே நேரத்தில். ஒன்று, இரண்டு...

மாமனார்: இருங்கள். இந்தக் கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒன்று கெட்டாலும் மற்றதில் அதே படம் பத்திரமாக இருக்கும் என்று பொங்கலன்று என்னிடம் அரை மணி நேரம் பெருமை பேசினீர்களே? அந்த இரண்டாவது கார்டில் நான் என்ன சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்?

(மாப்பிள்ளை லென்ஸ் மூடியைத் தேடுகிறார். அது அவர் கையிலேயே இருக்கிறது.)

மாமனார்: நினைத்தேன். அப்படியானால் தேன்சிட்டும் இருக்கட்டும். வண்டியை எடுங்கள், வேளச்சேரியில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எனக்கு இரண்டு இட்லி, ஒரு அல்வா.

மாப்பிள்ளை: மாமா!

மாமனார்: மாட்டிக்கொள்வதற்குப் படம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதுவும் இரண்டு பிரதி. இன்னொரு அல்வாவால் புதிதாக என்ன கெட்டுவிடப் போகிறது? பில்லை மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள். அதில் கமாவே வராது.