கடல் கொண்டது கரையைத்தான், கண்டத்தை அல்ல

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். வீடியோ வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இலங்கைக்குத் தெற்கே குமரிக்கண்டம் என்ற பெரிய தமிழ் நிலம் கடலுக்குள் தாழ்ந்தது என்றார் பேச்சாளர். அது எப்படி என்று நான் ஒரு கேள்விதான் கேட்டேன். 'தமிழினத் துரோகி' என்று பட்டம் தந்துவிட்டார்கள். இனாம்தானே, வைத்துக்கொள்கிறேன்.

திரும்பவும் சொல்கிறேன், கடல் ஏறியது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இப்போதையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. இராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே வரலாம். 1942இல் யப்பானியர் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க நம் மட்டக்களப்புக் கடலில் சுழியோடிகள் 50 மீற்றர் சொச்சம் இறங்குகிறார்களே, அந்த இடம் அன்று தரை. பனி உருகி எல்லாம் தண்ணீருக்குள் போனது. இதை நான் எங்கே மறுத்தேன்?

நான் மறுப்பது கண்டம் தாழ்ந்த கதையை. இலங்கைக்குத் தெற்கே கடல் 3,000 மீற்றருக்கும் கூடிய ஆழம். 120 எங்கே, 3,000 எங்கே? "நிலம் கீழே இறங்கியிருக்கலாமே" என்கிறார்கள். கண்டப் பாறை தனக்குக் கீழே உள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் தோணி போல மிதக்கிறது. ஆட்கள் இறங்கினால் தோணி எழும்பும். பனிப்பாளத்தின் பாரம் போன வட சுவீடன் கரை இன்றும் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக எழும்பிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தைச் சுற்றிக் கடலடியில் கிடக்கும் சீலாந்தியாக் கண்டம் மூழ்கவில்லையா என்று கேட்பீர்கள். மூழ்கியது. இழுபட்டு மெலிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில். அப்போது சங்கம் வைக்க மனிதனே இல்லை, ஐயா.

"வெள்ளைக்காரன் அறிவியல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, குமரிக்கண்டத்துக்கு நீங்கள் சூட்டும் லெமூரியா என்ற பெயர் யாருடைய சரக்கு? 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற விலங்குகளுக்காகப் போட்ட கணக்கு அது. அது மட்டும் இனிக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது இதிலெல்லாம் இல்லை. 2004 சுனாமியும் குமரியை விழுங்கிய அதே கடல்கோளின் தொடர்ச்சி என்று அந்தப் பேச்சாளர் கைதட்டல் வாங்கினாரே, அப்போது என் பக்கத்தில் மாமா இருந்தார். மட்டக்களப்பு நாவலடியில் மாமியையும் சின்னவளையும் கடலுக்குக் கொடுத்தவர். "வா மனே, போவம்" என்று எழும்பிவிட்டார். அன்று சுமாத்திராவுக்கு அருகே அசைந்தது 9.1 அளவு நிலநடுக்கம். அதுவே நிக்கோபாரின் இந்திரா முனையை 4 மீற்றர் சொச்சம்தான் தாழ்த்தியது. நம் கரை தாழவே இல்லை. தண்ணீர் வந்தது, ஆட்களைக் கொண்டு போனது. அதில் என்ன பெருமை?

"பிள்ளைகளின் இனப்பற்றைக் கெடுக்கிறாய்" என்கிறீர்கள். அம்பாறைக் கரையில் ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்கிறது. தென்னைகள் சரிந்தன. அதற்கு ஒரு கூட்டம் போட்டீர்களா? பொன்னாடை இல்லாத விசயம், போடமாட்டீர்கள்.

நேற்று ஏற்பாட்டாளர் ஒருவர் போன் எடுத்து, மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு போடட்டாம். முதலில் மாமாவின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் போகவில்லை.