ராத்திரி தெருவில் நிற்கும் கார்கள் பற்றி

எங்கள் தெருவில் ராத்திரி கார் நிறுத்துவதற்குச் சட்டதிட்டம் உண்டு. போலீஸ் போட்டதல்ல, தெருவே போட்டுக்கொண்டது. வாசலில் சிமெண்ட் ஊற்றிய பழைய டயர் இருந்தால் அந்த இடம் அந்த வீட்டுக்குச் சொந்தம். 'மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று கேட்டில் பலகை தொங்கினால் வாயைத் திறக்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட வேண்டும். நானும் தெருவில் நிறுத்துகிறவன்தான், எல்லாம் அத்துப்படி.

நிஜச் சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 127. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தப் போலீஸ் உத்தரவிடலாம். இரவு எட்டுக்கு நிறுத்திக் காலை ஏழுக்கு எடுத்தாலே 11 மணி நேரம். அமல்படுத்தினால் எங்கள் தெருவில் ஒரு வண்டி மிஞ்சாது, என்னுடையது உட்பட.

தெரு 20 அடி. இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் எட்டடி, எட்டரை அடி. தண்ணி லாரியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். போன மாதம் விடியற்காலை லாரி தெருமுனையிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. வழிமறித்த காரின் சொந்தக்காரர் ஊருக்குப் போயிருந்தார், சாவியும் அவரோடு. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முனைக்கு நடந்தார்கள். "இதுவே ஃபயர் சர்வீஸ் வண்டியா இருந்தா?" என்று ஒரு பாட்டி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஜப்பானில் 1962லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். டோக்கியோவில் கார் வாங்க வேண்டுமென்றால், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருப்பதாகப் போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். இரவில் தொடர்ந்து 8 மணி நேரம் தெருவில் விட்டால் குற்றம். இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால் முதலில் அடிபடுவது வாடகை வீட்டில் இருக்கும் ஆட்டோக்காரர்தான். தரைத்தளத்தைப் பார்க்கிங் என்று பிளானில் காட்டி அனுமதி வாங்கிவிட்டு, அதை டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டு, தன்னுடைய இரண்டு காரையும் ரோட்டில் நிறுத்துகிறாரே, அந்த ஓனருக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

ஒரு பக்கம் மட்டும் நிறுத்தட்டும். வீட்டுக்கு ஒரு காருக்கு மாதக் கட்டணம், இரண்டாவதற்கு மூன்று மடங்கு. ஆட்டோவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் இலவசம். மழை எச்சரிக்கை நாட்களில் எந்த அபராதமும் வேண்டாம். சென்னையில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறவர்கள் ஆசைக்கா ஏற்றுகிறார்கள்?

மாதம் ஆயிரம் என்றால் நான் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன். இப்போது மட்டும் என்ன, டயர் வைத்திருக்கும் எதிர்வீட்டு சாருக்குத் தினமும் கும்பிடு போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.