‘வேறு மாநிலத்து டிக்கெட்தானே’ என்று சொன்ன புண்ணியவான்களுக்கு

‘வேறு மாநிலத்து டிக்கெட்தானே, யார் உன்னைத் தேடி வரப் போகிறார்கள், தூக்கிப் போடு’ என்று, அமெரிக்காவில் வேகமாக வண்டி ஓட்டியதற்காகக் காவலர் எனக்குக் கொடுத்த அபராதச் சீட்டைப் பற்றி, ஒரு விருந்தில் கையில் தட்டுடன் நின்றபடியே எனக்குச் சட்டம் கற்பித்த நண்பர்கள் அனைவருக்கும் இந்தப் பதிவைக் காணிக்கையாக்குகிறேன். அந்தக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர்கூட இல்லை. ஆனால், எங்கோ தொலைதூர மாநிலத்தில் வேகத்துக்காகப் பிடிபட்டு, அபராதம் கட்டாமலேயே ஊர் திரும்பி, இன்றுவரை சுகமாக இருக்கும் மச்சான் ஒருவர் எல்லோரிடமும் இருந்தார். முகம் தெரியாத அந்த மச்சான்களை நம்பியதுதான் நான் செய்த பிழை.

மணிக்கு 65 மைல் வரம்புள்ள சாலையில் 82 மைல் வேகத்தில் சென்றேன். அதை நான் மறுக்கவில்லை. காவலர் மரியாதையாகப் பேசினார், கையொப்பம் வாங்கினார், ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்து அனுப்பி வைத்தார். அந்தக் கையொப்பம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, குறித்த நாளுக்குள் பதில் சொல்வேன் என்று நான் கொடுக்கும் வாக்கு மட்டுமே என்பதை அவரே சொன்னார். அந்த வாக்கின் பேரில்தான், வெளிமாநிலத்தவனான என்னை அங்கேயே பிணைத்தொகை கட்டச் சொல்லி நிறுத்தி வைக்காமல் விட்டார் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியாது. தாளைக் காரின் கையுறைப் பெட்டியில் திணித்தேன். டயர் மாற்றிய பழைய ரசீதுகளோடு அது பதினான்கு மாதங்கள் அங்கேயே கிடந்தது.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: நம்முடைய ஓட்டுநர் உரிமம் பெரும்பாலும் நாம் இங்கே தங்க அனுமதிக்கப்பட்ட நாளோடு சேர்ந்தே காலாவதியாகும். நீட்டிப்புக் கிடைத்த மகிழ்ச்சியில், அதற்கான ஒப்புதல் ஆவணமான ஐ-797 படிவத்தை உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு டி.எம்.வி. என்ற ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் வரிசையில் காத்திருந்து கவுன்ட்டரை அடைந்தால், அங்கிருந்த பெண்மணி திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறார். இன்னொரு மாநிலத்தில் என் பெயரில் தீராத வழக்கொன்று இருக்கிறதாம். அதனால் புதுப்பிக்க முடியாதாம். அதுகூடப் பரவாயில்லை. என் உரிமம் ஏழு மாதங்களுக்கு முன்பே முடக்கப்பட்டுவிட்டது என்று அடுத்ததாகச் சொன்னார். அந்த ஏழு மாதங்களும் நான் நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டியிருக்கிறேன், மகளைப் பள்ளியில் இறக்கி விட்டிருக்கிறேன். முடக்கப்பட்ட உரிமத்தோடு வண்டி ஓட்டுவது பெரும்பாலான மாநிலங்களில் வெறும் அபராதத்தோடு முடிகிற விஷயமன்று. அது குற்றவியல் வழக்கு. அந்த நாட்களில் எவராவது என் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தியிருந்தால்கூடக் கைவிலங்குவரை போயிருக்கலாம்.

இது எப்படி நடந்தது என்று வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் கொதிப்பு இரட்டிப்பானது, ஏனெனில் இதில் ரகசியம் எதுவுமே இல்லை. வெளிமாநிலத்தில் விதிமீறியவர் டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாவிட்டால், அந்த மாநிலம் அவருடைய சொந்த மாநிலத்துக்குத் தகவல் அனுப்புவதும், அவர் அந்த வழக்கை முடிக்கும்வரை சொந்த மாநிலம் அவருடைய உரிமத்தை முடக்கி வைப்பதும் 1977 முதல் இருக்கிற ஓர் ஒப்பந்தத்தின்படி நடக்கின்றன. 44 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அதில் உள்ளன. நான் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்த ஏற்பாட்டை, கையில் தட்டோடு நின்ற ஒருவர் ஒரே வாக்கியத்தில் இல்லையென்று ஆக்கிவிட்டார்.

அலாஸ்கா, கலிஃபோர்னியா, மிச்சிகன், மான்டானா, ஓரிகன், விஸ்கான்சின் ஆகிய ஆறும் அந்த ஒப்பந்தத்தில் இல்லையே என்று நண்பர்களில் சற்றுப் படித்தவர் இப்போது வாதாடுகிறார். இல்லைதான். ஆனால், டிக்கெட் கொடுத்த மாநிலம் தன் எல்லைக்குள் நீங்கள் வண்டி ஓட்டும் உரிமையைத் தானாகவே முடக்கலாம். அந்த முடக்கம் தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் ஏறும். நீங்கள் எந்த மாநிலத்தில் உரிமம் கேட்டு நின்றாலும் முதலில் அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஓடிப்போய் அதில் தலையை விட்டால், மறுபக்கம் சுவர்தான் இருக்கிறது. (இருக்கும் மாநிலத்தைப் பொறுத்து உரிமத்தில் பாயின்ட், அதாவது தண்டப் புள்ளி, ஏறுமா ஏறாதா என்ற கணக்கு வேறு. பாயின்ட் ஏறாது என்பதைத்தான் ‘ஒன்றுமே ஆகாது’ என்று நம் ஆட்கள் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.)

எல்லா டிக்கெட்டும் ஒரே எடை கொண்டவையும் அல்ல. நியூஜெர்சியிலிருந்து கரோலினாவுக்கு ஐ-95 நெடுஞ்சாலை வழியாகப் போகிறவர்கள் வர்ஜீனியாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே 85 மைலைத் தாண்டினாலோ, வரம்பைவிட 20 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ, அது பொறுப்பற்ற ஓட்டுதல் என்ற குற்றம். 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அந்தத் தாளைக் குப்பையில் போடுகிறவர் கிரிமினல் வழக்குக்கான அழைப்பாணையைக் குப்பையில் போடுகிறார். ஜார்ஜியாவிலோ, எங்கேயும் 85 மைலோ இருவழிச் சாலையில் 75 மைலோ தொட்டுவிட்டால், நீதிமன்ற அபராதத்தை ஒழுங்காகக் கட்டிய பிறகும் மாநிலத்திடமிருந்து தனியாக 200 டாலருக்கு ஒரு கடிதம் வரும். கட்டியாயிற்றே என்று அதைக் கிழித்துப் போட்டால் அதற்கும் முடக்கம் உண்டு.

உரிமத்தை முடக்குவது பற்றி எனக்கும் கடிதம் வந்ததாம். நான் காலி செய்துவிட்டுப் போன பழைய அடுக்ககத்துக்கு வந்ததாம். வீடு மாறிய பத்து நாட்களுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தைக் குடிவரவுத் துறைக்குப் பயபக்தியோடு அனுப்பியவன், உரிமத்தில் இருந்த முகவரியை மாற்ற மறந்தது என் தவறு, ஏற்கிறேன். ஆனால் என் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அவர்களுடைய கணினியிலேயே இருந்தன. கட்டாத சுங்கக் கட்டணம் என்று வாரம் தவறாமல் குறுஞ்செய்தி அனுப்பும் மோசடிக்காரர்களுக்கே என் எண் தெரிந்திருக்கும்போது, என் உரிமத்தை முடக்குகிற அரசாங்கத்துக்கு ஒரு வரி அனுப்பத் தோன்றவில்லையா? ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கக்கூடிய செய்தியை ஒரே ஓர் உறையில் போட்டு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று கையைக் கழுவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் கேட்டது 190 டாலர். இப்போது அதன் மேல் தாமதக் கட்டணம், நேரில் வராததற்குத் தனிக் குற்றச்சாட்டு, அதை நீக்க அந்த ஊர் வழக்கறிஞருக்குக் கொடுத்தது, உரிமத்தை மீட்க இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனியாகக் கட்டியது எல்லாம் சேர்ந்து 1,400 டாலரைத் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸ் பிரீமியம் இன்னும் இந்தக் கணக்கில் சேரவில்லை. முதல் மாதத்திலேயே அந்த வழக்கறிஞரைக் கூப்பிட்டிருந்தால், குற்றச்சாட்டைக் குறைத்துப் பாயின்ட் இல்லாமலேயே முடித்திருக்கலாம் என்று அவர் வெகு சாவகாசமாகச் சொன்னார். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது என்-400 படிவம், எந்த அதிகாரியாவது எப்போதாவது உங்களுக்கு டிக்கெட் கொடுத்ததுண்டா என்று கேட்கும். அங்கே இந்தக் கதையை முழுதாக எழுதியாக வேண்டும் என்பதும் இப்போதே மனதில் கனக்கிறது.

வழக்கு முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அந்த மாநிலம் தடையை விலக்கிவிட்டதாகச் சொல்கிறது, இந்த மாநிலம் தன் திரையில் இன்னும் விலகவில்லை என்கிறது. அதுவரை என் மனைவிதான் காலையில் மகளைப் பள்ளியிலும் என்னை அலுவலகத்திலும் இறக்கிவிட்டு, தன் வேலைக்குத் தாமதமாகப் போகிறாள். வண்டியில் அவள் ஒன்றும் பேசுவதில்லை. நேற்று மட்டும், 65 மைல் சாலையில் 60-இல் போய்க்கொண்டே, அந்த மச்சான்களின் தொலைபேசி எண் கிடைக்குமா என்று கேட்டாள்.