டிரோலோப்பின் கணக்கு அப்படி இல்லை

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலோப் "கால் மணிக்கு 250 சொல் எழுதினார், 3 மணி நேரத்தில் தினமும் 3,000, வேலையை விட்டதால் முடிந்தது" என்று சொல்வதுண்டு. கால் மணிக்கு 250 சரிதான்; தினமும் 3,000 என்பதும் வேலையை விட்டதால் என்பதும் இரண்டுமே தவறு. 1867 வரை அவர் அஞ்சல் துறை அதிகாரி, வேலையில் இருந்தபடியே எழுதியவர். விடியற்காலை 5:30க்கே மேசையில் இருப்பார். காப்பியோடு எழுப்பிவிடும் வேலையாளுக்கு அதற்கென்றே வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாம்! முதல் அரை மணி நேரம் புதிதாக ஒரு வரி கிடையாது. முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார், சொற்களின் ஓசையைக் காதால் எடைபோடுவார். இதை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் பின்பற்றினால் நடை பிசகக்கூடும். அந்த அரை மணிக்குப் பிறகே கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 சொல். வாரச் சராசரியும் 40 பக்கம்தான், அதாவது 10,000 சொல். 20க்கு இறங்கியதும் உண்டு, 112க்கு ஏறியதும் உண்டு.