மாமாவின் கம்பி கட்டிய பல்

பாம்பனில் இருக்கும் என் தாய்மாமா போன மாதம் வாயைத் திறந்து காட்டினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்வரிசையில் மூன்று கட்டுப்பல். பக்கத்துப் பல்லில் கம்பியைச் சுற்றி, மேலே அக்ரிலிக் மாவைக் குழைத்து அப்பி இறுக்கியிருந்தார்கள். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. அடியில் ஈறு கறுத்துச் சீழ் கோத்திருந்தது. "ஒரே நாள்ல கட்டிட்டாரு மாப்ள, ஒரு வருசம் நண்டு கடிச்சேன்ல" என்றார், இன்னும் பெருமையாக.

கட்டியவர் பல் செட் லேபில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பாவும் இதே தொழிலாம். இந்தப் பரம்பரைக் கதையை நிறையப் பேர் நம்புகிறார்கள். 1948-ல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தபோது, படிப்பில்லாமல் ஏற்கெனவே ஐந்து வருடம் தொழில் பார்த்தவர்களை பல் மருத்துவர் பதிவேட்டின் 'பி' பிரிவில் பதிவு செய்ய விட்டார்கள். அது அன்றைக்கு இருந்த ஆட்களுக்குக் கொடுத்த சலுகை. மகனுக்கும் பேரனுக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல! இப்போது பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டப்படிப்பை முடித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் பல்லில் கை வைக்கலாம்.

சரி, ரெய்டு விட்டு ஷட்டரை இறக்கலாம், இறக்கவும் வேண்டும். ஆனால் மாமா ஏன் அங்கே போனார்? அதற்கு முன்னால் படித்த டாக்டர் ஒருவரிடம் போயிருக்கிறார். "என்ன செய்யப் போறேன்னு சொல்லல, தொகைய மட்டும் சொன்னாரு." பல் டாக்டர் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, போலி டாக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இந்தப் பேச்சுதான்.

ராமநாதபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கருவிகள் இருந்த கவரை மாமா கண் முன்னாலேயே கிழித்தார். "இந்தப் பட்டை நிறம் மாறியிருக்கா பாருங்க ஐயா. மாறலன்னா ஆவியில சரியா வேகலன்னு அர்த்தம், என்னைத் தொட விடாதீங்க." வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கின் சலைன் பாட்டிலிலிருந்து மூளைத் தொற்று பரவி உயிர்கள் போனதைப் படித்த எனக்கு அந்த ஒரு நிமிடம் பெரிதாகப் பட்டது. அப்புறம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எதை உடனே செய்ய வேண்டும், எது ஆறு மாதம் பொறுக்கும், எவ்வளவு ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

பதிவு எண்ணையும் கட்டணத்தையும் வாசல் போர்டில் தமிழில் எழுதச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தலாம். மீன் இறங்குதளத்திலேயே மாதம் ஒரு பல் முகாம் போடலாம். கடலுக்குப் போகாத நாளில்தான் எங்கள் ஆட்களுக்குப் பல்லே வலிக்கும்.

கம்பியை வெட்டி எடுத்தாகிவிட்டது. நேற்று மாமா போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலியாம். "அந்தச் சீட்டு எழுதுற டாக்டரம்மா என்னைக்கு இருப்பாங்க?"